மேலேருந்து எண்ணினா

1978 அக்டோபர் 14 எனத் தேதியிட்ட இசை வார இதழின் முப்பத்தொன்பதாம் பக்கத்தில், அதிகம் விற்ற நாற்பது ஆல்பங்களின் பட்டியலில், 'ஈயச்சட்டை' முதலிடத்தில் இருந்தது. அந்த ஆல்பத்தில் பாடி கிட்டாரும் வாசித்த இளைஞன் அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை, விடிவதற்குச் சற்று முன் நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்து இறந்திருந்தான்.

இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் படிக்கிற எவருக்கும் ஒரு கதை தானாகத் தோன்றும். நாற்பத்தைந்து வருடமாக ஊர் முழுக்க அது தோன்றிக்கொண்டுதான் இருந்தது. இறந்தவனின் அக்காவுக்கும்.

அவளை எல்லாருமே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தம்பியோடு வாசித்த மூன்று பேரும் அப்படிக் கூப்பிட்டார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டாம் மாடி வீட்டில் தனியாக இருந்தாள். சாப்பாட்டு மேஜைக்கு மேலே, காலண்டர் தொங்கவேண்டிய இடத்தில், எக்ஸ்ரே படம் பார்க்கும் பழைய விளக்குப்பெட்டி ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியை மூடியபோது கேட்டு வாங்கி வந்தது. அதை மின்வெட்டு விளக்கு என்று சொல்லிச் சமாளிப்பாள், மின்சாரத்தில் எரிகிற விளக்கு மின்வெட்டுக்கு எப்படி ஆகும் என்று யாரும் கேட்காதவரை.

ஒரு புதன்கிழமை காலையில் ரெக்கார்ட் கம்பெனி மேலாளர் வந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கூடவே இடி வந்தான். டிரம்ஸ் வாசித்தவன். நான்கு பேரில் இப்போது மிச்சம் அவன் மட்டும்தான். லிஃப்ட் ஓடவில்லை. மாடி ஏறி வந்தவன் வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, இடியா, வெறும் உறுமலா?"

"முட்டி ரெண்டும் தனித்தனி தாளத்துல போகுதுக்கா. உட்கார விடு முதல்ல."

கம்பெனி ஒரு நினைவுப் பெட்டி கொண்டுவரப் போகிறது. நாலு இசைத்தட்டு, தடிமனாக ஒரு புத்தகம், சுவரில் ஒட்டப் படம், பனியன். இதற்கெல்லாம் அட்டைப்படம் வேண்டும். அட்டைப்படத்துக்கு அக்கா வேண்டும்.

ஏனென்றால் அந்த அட்டைப்படம் அக்கா எடுத்தது. ஆல்பம் வருவதற்கு முந்தைய வருடம், வேன் கதவில் இடது கையைக் கொடுத்துவிட்டு அவளுடைய எக்ஸ்ரே அறைக்கு வந்து நின்றான் தம்பி. அவனைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள், தலைமுடி அப்படி. நடுவிரலில் கீறல் விழுந்திருந்தது. மோதிர விரலில் வளையம் மாதிரி ஏதோ மாட்டியிருந்தான். "மோதிரத்தைக் கழட்டுடா" என்றாள். "மோதிரம் இல்லக்கா, குழாய் வாஷர். சும்மா போட்டுப் பார்த்தேன், இப்ப வரமாட்டேங்குது" என்றான். கை அதற்குள் வீங்கிவிட்டது. வாஷரோடேயே படம் எடுத்தாள். கறுப்பில் ஐந்து விரல் எலும்பு, அதில் ஒன்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். ஈரம் காய்வதற்குள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். போகும்போது ஆணியில் தொங்கிய கனத்த மேலங்கியைத் தட்டிப் பார்த்து, "இது என்ன?" என்றான். "ஈயச்சட்டை. கதிர் மேல படாம இருக்க." பெயரும் அவனுக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

பழைய ஒப்பந்தத்தில் இசைத்தட்டு உறைக்கு மட்டும்தான் அனுமதி. பெட்டிக்கும் பனியனுக்கும் புதிதாகக் கையெழுத்து வேண்டும் என்றாள் மேலாளர். அக்கா சரி என்றாள். இதிலெல்லாம் கறார் பேசுகிற ஆள் இல்லை அவள்.

"புத்தகத்தோட முன்னுரை வந்திருக்கு மேடம். ரொம்ப நல்லா எழுதியிருக்கார். படிக்கவா?"

"படிங்க."

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தன் ஆல்பம் முதலிடத்தைத் தொட்டதை அறியாமலேயே அவன் போய்விட்டான். வாழும்போது கிடைக்காத மகுடத்தை மரணம் எட்டே நாளில் அவன் தலையில் வைத்தது."

அக்கா தேநீர்க் கோப்பையின் காதைத் திருப்பி வைத்தாள். புதிதாக ஒன்றும் இல்லை. இந்த வாக்கியத்தை எத்தனையோ வேஷத்தில் பார்த்துவிட்டாள். பத்திரிகையில், தொலைக்காட்சியில், ஒருமுறை பல் டாக்டரின் காத்திருப்பு அறையில். அவளும் அதைத்தான் நம்பினாள். நம்பியதால்தான் அதிக விற்பனைக்குக் கம்பெனி கொடுத்த தங்க இசைத்தட்டை அலமாரிக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அவளைப் பொறுத்தவரை அது பரிசு இல்லை, மலர்வளையம். உயிரோடு இருந்தபோது மூன்றாமவன், நாலாமவன் என்று நிறுத்தி வைத்தவர்கள், செத்ததும் வரிசையில் நின்று வாங்கினார்கள். அந்த வரிசையை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆல்பத்தை அவள் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை.

"சார், நீங்க ஏதாவது ஜாலியா ஒரு சம்பவம் சொல்லுங்களேன்" என்றாள் மேலாளர் இடியிடம். செல்போனைப் பதிவில் போட்டு மேஜைமேல் வைத்தாள். "நெட்ல போட சின்னச் சின்னதா வேணும்."

இடிக்கு இந்த மாதிரி கேட்டால் போதும். முட்டிவலி எல்லாம் மறந்துவிடும். "அந்த சிம்பல் கதையைச் சொல்றேன். ஒத்திகை அறைல இருக்கோம். போன் வருது. சுருட்டைதான் எடுத்தான். கேட்டுட்டு ரிசீவரை அப்படியே தொங்க விட்டுட்டு ஆம்ப்ளிஃபயர் மேல ஏறினான் பாரு, அங்கேருந்து ஒரே குதி. நேரா என் டிரம்ஸ் மேல. வெண்கலத் தட்டு மாட்டுற சிம்பல் ஸ்டாண்டு ரெண்டு துண்டு. நான் திட்டக்கூட இல்ல. எப்படித் திட்டுறது, முதலிடம்னா சும்மாவா..."

இடி தன் கோப்பைக்குள் பார்த்தான், உள்ளே ஏதோ விழுந்துவிட்டதுபோல.

"எந்த முதலிடம்?" என்றாள் அக்கா.

"விடுக்கா. எதையோ சொல்ல வந்து..."

"எந்த முதலிடம்டா?"

"மொத்தமே ஒரு முதலிடம்தானேக்கா இருந்துச்சு நமக்கு."

செல்போன் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் கை நீட்டி அதை அணைத்தாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அக்கா கேட்டாள், இடி தரையைப் பார்த்துச் சொன்னான், அவன் விட்ட இடத்தில் மேலாளர் சொன்னாள். சனிக்கிழமையோடு முடிந்த வாரத்தில் எத்தனை விற்றது என்று கடைகளில் எண்ணுவார்கள். திங்கட்கிழமை கூட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் பட்டியல் கம்பெனிகளுக்குப் போனில் வந்துவிடும். கம்பெனி உடனே பாடகர்களுக்குச் சொல்லிவிடும். இதழ் அச்சாகி வார இறுதியில் கடைக்கு வரும். ஆனால் அதன்மேல் போடுகிற தேதி அதற்கும் அடுத்த சனிக்கிழமையின் தேதி.

"கடைல தொங்கும்போது பழசா தெரியக்கூடாதுன்னு அப்படிப் போடுவாங்க மேடம். இது துறைல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"எல்லாருக்கும்" என்று திருப்பிச் சொன்னாள் அக்கா.

"பதினாலாம் தேதி இதழ்னா..." என்று ஆரம்பித்த மேலாளர், தான் எங்கே போகிறோம் என்பது புரிந்து நிறுத்தினாள்.

மீதியை அக்கா முடித்தாள். "பதினாலாம் தேதி இதழ்ல இருக்கிறது செப்டம்பர் கடைசில வித்தது. மூணாம் தேதி செவ்வாய்க்கிழமை போன் வந்திருக்கு. இவன் செத்தது ஆறாம் தேதி. வித்தப்போ உயிரோட இருந்தான். போன் வந்தப்போ உயிரோட இருந்தான். ஸ்டாண்டை உடைச்சிருக்கான். எங்க ஆஸ்பத்திரில படம் எடுத்த தேதி ஒண்ணு, ரிப்போர்ட் டைப் அடிச்ச தேதி ஒண்ணு. ரிப்போர்ட் தேதியைக் காட்டி, எலும்பு அன்னைக்குத்தான் உடைஞ்சுதுன்னு நான் சொல்லியிருந்தா, மறுநாள் எனக்கு வேலை இருந்திருக்காது."

அக்கா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். கீழே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை. அவன் போன் பண்ணுவதே செவ்வாய்க்கிழமைதான். அன்றைக்குக் கச்சேரி இருக்காது, அதனால் பண்ணுகிறான் என்று நினைத்திருந்தாள். எக்ஸ்ரே அறையின் சுவர்ப்போனில் கூப்பிட்டு எல்லா வாரமும் ஒரே சேதியைத்தான் சொல்வான். "முதலிடம்க்கா." முதன்முதலில் பட்டியலில் நுழைந்தது முப்பத்தெட்டாம் இடத்தில். "முதலிடம்க்கா, கீழேருந்து எண்ணினா மூணு" என்றான். இருபத்தாறுக்கு வந்த வாரம், வீட்டில் ரெக்கார்ட் பிளேயரே இல்லாத அப்பா ரெண்டு தெரு தள்ளி, தன்னைத் தெரியாத கடையாகப் பார்த்துத் தட்டை வாங்கி, செய்தித்தாளுக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார். அவனோடு பேசி அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினொன்று, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம். கண்ணில் கட்டோடு அம்மா, "பதினொண்ணுன்னா பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டாள். நாலுக்கு வந்தபோது அவன் கீழிருந்து எண்ணுவதை விட்டுவிட்டான். "முதலிடம்க்கா, மூணு பேர் முன்னாடி நின்னு மறைக்கிறானுங்க."

கடைசிச் செவ்வாய்க்கிழமையும் போன் வந்தது. அறைக்கு வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"முதலிடம்க்கா."

"எங்கேருந்து எண்ணினா?"

அந்தப்பக்கம் அவனுக்கு மூச்சு வாங்கியது. "மேலேருந்து" என்றான். "மேலேருந்து எண்ணினாக்கா."

"சரிடா ராசா. வேலை இருக்கு, வைக்கிறேன்."

புது நகைச்சுவை என்று நினைத்தாள். நாற்பத்தைந்து வருடம் அப்படித்தான் நினைத்தாள். விளையாட்டாகச் சொன்னது பலித்தும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று தூக்கம் வராதபோதெல்லாம் அடித்துக்கொண்டாள். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. குதித்து இறங்கிய மூச்சோடு சொல்லியிருக்கிறான்.

ஜன்னலிலிருந்து திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "நீ அங்கேயே இருந்திருக்க. எத்தனை பேட்டில 'பாவம், அவனுக்குத் தெரியாமலே போச்சு'ன்னு கண்ணைத் துடைச்ச?"

"முதல் பேட்டில கம்பெனிதான் அப்படிச் சொல்லச் சொல்லிச்சுக்கா" என்றான் இடி. "எனக்கு அப்ப இருபத்திமூணு வயசு. அதே வேன்ல அடிபட்டு கால்ல கட்டு. அப்படிச் சொன்னா அவனுக்கு மரியாதைன்னாங்க. அப்புறம் எங்க போனாலும் அதைத்தான் கேட்டாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஞாபகம் இருந்துச்சு. இந்த சிம்பல் கதை வேற எங்கேயோ நடந்த மாதிரி தனியா கிடந்தது மனசுல. ரெண்டையும் ஒண்ணா வெச்சு நான் பார்த்ததே இல்ல."

"பார்த்திருந்தா அழ முடிஞ்சிருக்காது."

"அக்கா..."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு தடவை? ஜனங்க பொணத்தை வாங்கினாங்கன்னு இத்தனை வருஷமா வயிறெரிஞ்சிருக்கேன்டா நான். அவங்க பாட்டை வாங்கியிருக்காங்க. பாட்டு பிடிச்சு வாங்கியிருக்காங்க. அதுகூட அவனுக்கு இல்லைன்னு ஆக்கிட்டீங்க எல்லாருமா சேர்ந்து."

மேலாளர் மெதுவாகக் காகிதங்களை ஒன்றாக அடுக்கினாள். கெட்டவள் இல்லை. வந்த வேலை முடியாமல் போகிறதே என்ற கவலை அவளுக்கு. "மேடம், இதை நான் ஆபீஸ்ல பேசறேன்" என்றாள்.

"பேசுங்கம்மா. அந்த ரெண்டு வாக்கியமும் போகணும். அதுக்கப்புறம் கையெழுத்து."

அடுத்த வாரம் அக்காவே கம்பெனிக்குப் போனாள். கண்ணாடி அறை. நீள மேஜை. சுவர் நிறையத் தங்கத்தட்டுகள், எல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு. மேலாளரும் முன்னுரை எழுதியவரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். எழுதியவர் மரியாதைப்பட்டவர். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"நீங்க சொல்ற தேதி விவகாரம் எனக்குத் தெரியும்மா" என்றார். "கணக்குப்படி நீங்க சொல்றது சரி. ஆனா பாருங்க, நான் எழுதறது கணக்கு இல்ல. ஜனங்க அந்த ஆல்பத்தை எப்படி நினைவு வெச்சிருக்காங்கங்கறது. அதுவும் ஒரு உண்மைதான்."

"அது உங்க உண்மையா, என் தம்பியோட உண்மையா?"

"அப்படிப் பிரிக்க முடியாதும்மா."

"ஏன் முடியாது? ஒருத்தன் ராப்பகலா உழைச்சு, நாலு பேரோட ஓட்டை வேன்ல ஊர் ஊரா போய்ப் பாடி, முப்பத்தெட்டுலேருந்து ஒவ்வொரு படியா ஏறி முதல்ல வந்து நிக்கிறான். அடுத்த நிமிஷமே அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்றான். நீங்க வந்து, இல்லப்பா, நீ செத்ததாலதான் ஜெயிச்சேங்கறீங்க. அதுவும் உனக்கே தெரியாதுங்கறீங்க. அவன் வந்து கேக்கமாட்டான்கிற தைரியம்தானே?"

எழுதியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். 'என்று பலர் கூறுவர்' என்று ஒரு வால் சேர்த்துக்கொள்ளலாம்.

"என்னென்னவோ பலர் கூறுவர்" என்றாள் அக்கா. "அதையெல்லாம் புத்தகத்துல போடுவீங்களா?"

மேலாளர் குறுக்கே வந்தாள். முன்னுரை முழுக்க அந்த இரண்டு வாக்கியத்தின்மேல்தான் நிற்கிறது. விளம்பரம், ஆவணப்படம், பெட்டியின் பின்பக்க வாசகம், எல்லாவற்றிலும் அதுதான். ஆவணப்படத்தில் இடி சார் அழுகிற இடம் வேறு இருக்கிறது. இப்போது மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். "மேடம், இதனால உங்க தம்பிக்கு ஒண்ணும் அவமானம் இல்லையே? கேக்கிறவங்க உருகிப் போறாங்க. புதுசா இருபது வயசுப் பசங்க எல்லாம் இந்தக் கதையாலதான் பாட்டுக்குள்ள வர்றாங்க."

"உருகட்டும். பொய் சொல்லாம உருக வைக்கத் தெரியாதா உங்களுக்கு? செவ்வாய்க்கிழமை ஜெயிச்சான், வெள்ளிக்கிழமை செத்தான். இது போதாதா உருகறதுக்கு?"

எழுதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அது நல்லா இருக்கு" என்று முணுமுணுத்தார். மேலாளர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார். அச்சுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது என்றாள். சட்டப்பிரிவிடம் கேட்டுவிட்டதாகவும் சொன்னாள். எக்ஸ்ரே படத்துக்குத்தான் அக்காவின் சம்மதம் வேண்டும். வாக்கியத்துக்கு வேண்டியதில்லை.

"அப்ப படம் கிடையாது" என்றாள் அக்கா. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்று மாலை இடி வந்தான். லிஃப்ட் ஓடியது. ஆனாலும் அவன் வாசலிலேயே நின்றான்.

"படி ஏறலையே, அப்புறம் என்ன மூச்சு?"

"அக்கா, பேசாம கையெழுத்துப் போட்டுடேன். அந்த அட்டை இல்லாம அந்தத் தட்டை நினைச்சுப் பார்க்கவே முடியல."

"அப்ப நீ போய் உண்மையைச் சொல்லு. நீ ஒருத்தன்தான் மிச்சம். நீ சொன்னா மாத்தித்தான் ஆகணும்."

இடி மிதியடியில் செருப்பைத் தேய்த்தான். "நான் பொய்யன் ஆயிடுவேனேக்கா."

"ஆயிடுவியா? ஆகி நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. உள்ள வா. அதுக்காகச் சாப்பிடாம போகவேண்டாம்."

வந்தான். சாப்பிட்டான். அக்கா விளக்குப்பெட்டியைப் போட்டு, அட்டை அச்சானதும் தம்பி திருப்பிக் கொடுத்திருந்த அந்தப் படத்தை உறையிலிருந்து எடுத்து மாட்டினாள். ஐந்து விரல். நடுவிரலில் மயிரிழைக் கீறல். பக்கத்து விரலில் வெள்ளை வட்டம்.

"அது என்ன மோதிரம்னு எத்தனை பேர் கேட்டிருப்பாங்க தெரியுமா?" என்றான் இடி.

"என்ன சொன்ன?"

"காதலி குடுத்ததுன்னு."

அக்கா அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். கொஞ்சம் பலமாகவே.

அந்த மாதக் கடைசியில் இடி ஒரு வானொலிப் பேட்டியில், செவ்வாய்க்கிழமை போன் வந்ததையும், சுருட்டை குதித்ததையும், தான் இத்தனை நாள் மாற்றிச் சொன்னதையும் சொன்னான். ஒலிபரப்பில் அந்தப் பகுதி இல்லை. நீளம் கருதி எடுத்துவிட்டோம் என்று நிலையத்தில் சொன்னார்கள்.

நினைவுப் பெட்டி அக்டோபரில் வெளிவந்தது. இரண்டு வாக்கியங்களும் அப்படியே இருந்தன. அட்டையில் எக்ஸ்ரே படத்துக்குப் பதிலாக ஓவியர் ஒருவர் வரைந்த எலும்புக்கை இருந்தது. அது வலது கை. விரலில் கல் வைத்த மோதிரம். முதல் வாரம் பட்டியலில் ஆறாம் இடம், அடுத்த வாரம் முப்பத்தொன்று, அதற்கடுத்த வாரம் பட்டியலில் இல்லை.

அக்கா அலமாரியை நகர்த்தித் தங்கத்தட்டை எடுத்துத் துடைத்தாள். இடி ஆணி அடித்தான். முதல் ஆணி வளைந்துவிட்டது. இரண்டாவது நின்றது.